எழுதும் நொதியமும் அழிக்கும் நொதியமும்

காலில் முள் தைத்த இடம் சில நாழிகைக்குள் சிவந்து வீங்குவதையும், ஓரிரு நாளில் அங்கே சீழ் கட்டுவதையும் அறியாதார் இலர். நாம் அருவருத்துத் துடைத்தெறியும் அச்சீழிற் பெரும்பகுதி, போரிலே மாண்ட வீரரின் உடலங்களே என்பதை அறிந்தார் சிலரே. முள்ளோடு உட்புகுந்த கிருமிகளை எதிர்ப்பதற்குக் குருதியினின்றும் வெளிப்பட்டு, இழையங்களினூடே வழிதேடிச் சென்று, அவற்றை விழுங்கித் தாமும் மடிந்த வெண்குழியங்கள் அவை. அவை கிருமியை விழுங்குவது ஒரு வியப்பே. அதனினும் பெரிய வியப்பு, அவை வழியறிந்து சென்றமை. அவற்றுக்குக் கண்ணில்லை, செவியில்லை, மூளையில்லை, ஏவுவாரும் இல்லை. அங்ஙனமிருக்க, முள் தைத்தது எத்திசையில் என்பதை அவற்றுக்கு அறிவித்தது யாது?

இவ்வினாவை என்னிடம் எழுப்பியவன் என் முன்னாள் மாணவன் ஒருவன். என்னிடம் நன்னூல் படித்துப் பின்னர் மருத்துவம் பயிலச் சென்றவன். அவன் கூறிய விளக்கத்தையும், அதன்பின் யான் தேடிப் படித்தவற்றையும் துணையாகக் கொண்டு இவ்விடயத்தை வாசகர்முன் வைக்கத் துணிகின்றேன். யான் விஞ்ஞானியல்லேன், எழுத்தையும் சொல்லையும் கற்பித்துக் காலங் கழித்தவன். ஆயினும், இப்பொருளுள் நுழைய நுழைய, இதுவும் ஒருவகை எழுத்திலக்கணமே என்னும் எண்ணம் என்னுள் வலுப்பெற்றது. எழுதுவதொன்று, அழிப்பதொன்று, இரண்டும் அளவோடு நிகழும்போதே வழி பிறக்கின்றது. இக்கட்டுரையின் சாரம் இதுவே.

மெசீனாவில் ஒரு முள்

வெண்குழியத்தின் பயணத்திற் பொதிந்த பொருளை உணர்ந்துரைத்தவர் இலியா மெச்னிக்கோவ் என்னும் அறிஞர். உருசியப் பேரரசிற் பிறந்த இவர், 1882ஆம் ஆண்டிலே சிசிலித் தீவின் மெசீனா நகரில் தங்கியிருந்தார். ஒருநாள் குடும்பத்தார் குரங்குகளின் வித்தை காணச் சென்றுவிட, இவர் மட்டும் வீட்டிலிருந்து, பளிங்குபோல் ஊடுதெரியும் உடுமீன் குடம்பிகளை நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்கிக்கொண்டிருந்தார். அக்குடம்பிகளினுள்ளே அலையும் கலங்கள், அந்நியப்பொருள் ஒன்று புகுந்தால் அதனை எதிர்க்கத் திரளக்கூடும் என்னும் எண்ணம் அப்போது அவருக்குத் தோன்றிற்று. உடனே தோட்டத்திற்குச் சென்று உரோசாச் செடியின் முட்கள் சிலவற்றைக் கொணர்ந்து குடம்பிகளின் தோலின்கீழ்ச் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடியலில் நோக்கியபோது, அலையுங் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருக்கக் கண்டார். கிருமியை விழுங்குங் கலங்களே உடலின் காவலர் என்னும் கொள்கை அன்று கருக்கொண்டது. 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவருக்கும் செருமானிய அறிஞர் பவுல் ஏர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது.

வெண்குழியங்களுக்குச் சாயமூட்டி வகைபிரிக்கும் முறையை வகுத்தவர் அவ்வேர்லிக்கே. நடுநிலைச் சாயத்தை ஏற்கும் வகையை நம் பாடநூல்கள் நடுநிலைநாடி என்கின்றன. இங்கு நாடி என்பது கையிற் பார்க்கும் நாடியன்று. நாடுவது என்னும் பொருளது. சாயத்தை நாடியமையால் வந்த பெயராயினும், பகையை நாடிச் செல்லும் அதன் தொழிலுக்கும் அப்பெயர் பொருந்திற்று. வளர்ந்தவர் ஒருவரின் என்புமச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்தாயிரங் கோடி நடுநிலைநாடிகளை ஆக்குகின்றது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்களவினது.

1950களிலே அமெரிக்காவின் வண்டபில்ற் பல்கலைக்கழகத்தில் டேவிட் உறொயேர்ஸ் என்பவர் எடுத்த குறும்படமொன்று இன்றும் உலகெங்கும் மாணவர்க்குக் காட்டப்படுகின்றது. செங்குழியங்கள் கற்கள்போல் நெருங்கிக் கிடக்க, அவற்றினிடையே ஒரு நடுநிலைநாடி ஒரு பற்றீரியாவைத் துரத்துகின்றது. பற்றீரியா இடம் பெயர்ந்தால் அதுவும் திரும்புகின்றது, செங்குழியங்களை ஒதுக்கிக்கொண்டு பின்தொடர்கின்றது, ஈற்றில் விழுங்குகின்றது. நாய் முயலைத் துரத்துவதைக் கண்டார்க்கு இக்காட்சி புதிதன்று. ஆனால் நாய்க்கு மூக்கும் மூளையும் உள.

நூற்றில் ஒரு பங்கு

பகைவன் இன்ன திசையில் உளன் என்பதை அறிதற்கு முதற்கண் ஓர் அடையாளம் வேண்டும். பற்றீரியாக்கள் தம் புரதங்களைக் கட்டத் தொடங்கும்போது, முதலில் வைக்கும் அமினோவமிலத்தின்மீது போமைல் என்னும் சிறு கூட்டமொன்றைச் சேர்த்து வைக்கின்றன. நம் கலங்களின் குழியவுருவில் ஆக்கப்படும் புரதங்கள் அங்ஙனம் தொடங்குவதில்லை. எனவே அவ்வகைச் சிறு துண்டு, பேச்சிலே அயலூரானைக் காட்டிக்கொடுக்கும் முதலசைபோல, பகையைக் காட்டிக்கொடுக்கின்றது. இத்துண்டுகள் வெண்குழியங்களை ஈர்க்கின்றன என்பது 1975ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

துண்டுகள் ஊற்றிடத்தில் மிகுந்தும் அப்பாற் செல்லச் செல்லக் குறைந்தும் பரவுகின்றன. இதனைச் செறிவுப் படித்திறன் என்பர். நடுநிலைநாடியின் மேற்பரப்பெங்கும் இத்துண்டுகளைப் பற்றும் வாங்கிகள் உள. ஊற்றை நோக்கிய பக்கத்திற் சற்று மிகுதியான வாங்கிகள் பற்றப்படும். மறுபக்கத்திற் சற்றுக் குறைவாக. அவ்வேறுபாடு எவ்வளவு? சாலி சிக்மண்ட் என்னும் ஆய்வாளர் 1977இல் வெளியிட்ட முடிபின்படி, கலத்தின் இரு முனைகளுக்குமிடையே செறிவு நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபட்டாலே அது திசையறிந்து திரும்புகின்றது.

மேனாட்டார் இதனை மணமறிதல் என்று உவமையாற் கூறுவர். எனக்கு வேறொன்று தோன்றுகின்றது. தொல்காப்பியர் மரபியலிலே உயிர்களை ஓரறிவு தொடக்கம் ஆறறிவு ஈறாக வகுத்து, முதலறிவாகத் தொடுகையை வைத்தார். வெண்குழியம் தன் மேனியில் வந்து படுவதையன்றி வேறொன்றையும் அறியாது. ஆதலின் அதன் அறிவு உற்றறிவே எனல் பொருந்தும். தொடுகையொன்றே துணையாகத் தொலைவிலுள்ள பகையை அது கண்டடைகின்றது.

ஆயினும் ஒரு தடை எழுகின்றது. நூற்றுக்கு ஒன்று என்பது மிக மெல்லிய வேறுபாடு. வாங்கிகளோ கலத்தைச் சுற்றிலும் ஏறத்தாழச் சமமாகவே நிற்கின்றன. ஊற்றுப் பக்கத்தில் வந்து குவிவதில்லை. நகருங் கலத்திலோ முன்பக்கம் தகடாக விரிகின்றது, பின்பக்கம் வாலாகச் சுருங்குகின்றது. இரண்டையும் மயங்க இடமில்லை. ஐயத்துக்கு இடமான வேறுபாடு இத்துணைத் தெளிந்த துணிபாக மாறுவது எங்ஙனம்? விடை, கலத்தைச் சூழ்ந்த கொழுப்புப் படலத்தின் உட்புறத்தே இருக்கின்றது.

மதிலின் உட்புறத்து எழுத்து

கலத்தை மூடியிருக்கும் மென்சவ்வு இரட்டை அடுக்கான இலிப்பிட்டுக்களாலானது. இலிப்பிட்டென்பது கொழுப்பினத்துப் பொருள். நெடுங்காலம் இதனை வெறும் வேலியென்றே எண்ணியிருந்தனர். 1953இல் மேபல் ஹொக்கின், லோவெல் ஹொக்கின் என்னுந் தம்பதியர், கணையத் துண்டுகளைத் தூண்டும்போது மென்சவ்விலுள்ள இலிப்பிட்டுக்கள் பொசுபேற்றை விரைந்து ஏற்கின்றன என்று கண்டனர். வேலி, காவலனின் ஏட்டுச்சுவடியாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு அது முதற்குறிப்பு.

மென்சவ்வின் உட்புறத்திலே சிறுபான்மையாக உள்ள ஒருவகை இலிப்பிட்டின் தலைப்பகுதி இனோசித்தோல் என்னும் வளையம். அவ்வளையத்தில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் இடங்களிற் பொசுபேற்றை ஏற்றலாம், நீக்கலாம். ஓரிடத்தில், ஈரிடத்தில், மூன்றிடத்தில் என ஏற்றினால் ஏழு வகைகள் பிறக்கும். ககரம் ஒன்றே கால், கொம்பு முதலிய குறிகளைப் பெற்றுக் கா எனவும் கெ எனவும் கொ எனவும் ஒலி வேறுபடுதல்போல, ஒரே இலிப்பிட்டு ஏற்ற குறிக்கேற்பப் பொருள் வேறுபடுகின்றது. நான்காம் ஐந்தாம் இடங்களிற் குறியுடையதை இருகுறி என்றும், மூன்றாமிடத்திலுங் குறி ஏறியதை முக்குறி என்றும் இக்கட்டுரையளவில் வழங்குவேன்.

இருகுறியை முக்குறியாக்குவது பீ.ஐ.3 கைனேசு என்னும் நொதியம். இத்தொழிலை 1980களிலே அமெரிக்காவில் வெளிப்படுத்தியவருள் முதல்வர் லூவிஸ் கான்ரிலி. முக்குறி முதன்முதல் இனங்காணப்பட்டதோ 1988இல், தூண்டப்பெற்ற நடுநிலைநாடிகளிலேயே. அமைதியாயிருக்கும் கலத்தில் அரிதாகவுள்ள இவ்வெழுத்து, பகையின் அடையாளம் வாங்கியிற் பட்ட சில விநாடிகளுட் பெருகுகின்றது.

நொதியம் என்னுஞ் சொல்லையும் ஈண்டு நோக்குக. 1870களின் பிற்பகுதியிலே செருமானிய அறிஞர் கூனே, மதுவத்தின் உள்ளிருப்பது என்னும் பொருள்பட, கிரேக்கச் சொற்களைக் கொண்டு என்சைம் என்னும் பெயரை ஆக்கினார். நம்மவர், கள் நொதித்தல், மா நொதித்தல் என்னும் வழக்கிலிருந்து நொதியம் என்றனர். அப்பத்துக்கு மாவைக் கள்ளிட்டுப் புளிக்க வைக்கும் நாட்டில் இச்சொல் எளிதில் விளங்கும். சிறிதளவு தானிருந்து, தான் செலவாகாது, பெரிய மாற்றத்தை விரைவுபடுத்துவதே அதன் இயல்பு.

முக்குறி எழுதப்பட்ட இடத்தை நாடிச் சில புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. அவை றாக் என்னும் புரதத்தைத் தூண்ட, அஃது அக்ரின் இழைகளை அங்கே விரைந்து வளரச் செய்கின்றது. வளரும் இழைகள் மென்சவ்வை உள்ளிருந்து தள்ள, கலத்தின் முன்முகம் விரிகின்றது. அங்ஙனம் விரிதலே மேலும் முக்குறி எழுதப்படுவதற்குத் துணையாகின்றது. பின்புறத்திலோ மயோசின் என்னும் புரதம் சுருக்கி இழுக்கின்றது.

இதனைக் கண்ணாற் காணவும் முடிந்தது. முக்குறியைப் பற்றும் புரதத்துண்டோடு ஒளிரும் புரதமொன்றைப் பிணைத்து, ஆய்வாளர் கலத்தினுள் வைத்தனர். 1998இல் போல்ரிமோர் நகரில் தெவ்ரியோற்சு குழுவினர் டிக்ரியோஸ்ரீலியம் என்னுஞ் சளிப்பூஞ்சணத்திலும், 2000இல் சான்பிரான்சிஸ்கோவில் போண் குழுவினர் நடுநிலைநாடியை ஒத்த கலங்களிலும் இதனை நிகழ்த்தினர். ஈரிடத்தும் ஊற்றை நோக்கிய விளிம்பிலே பிறைபோல் ஒளி தோன்றிற்று. புறத்தே நூற்றுக்கு ஒன்றாயிருந்த வேறுபாடு, அகத்தே விளக்கும் இருளும்போல விளங்கிற்று. அதே 2000ஆம் ஆண்டில், இந்நொதியத்தின் காமா வகை நீக்கப்பெற்ற சுண்டெலிகளில் வெண்குழியங்கள் அழற்சியிடத்தைக் குறைவாகவே சென்றடைந்தன என்று வெவ்வேறு குழுவினர் உரைத்தனர்.

அழித்தலின் சிறப்பு

எழுதுவோன் ஒருவனே இருந்தாற் போதுமோ? போதாது. மென்சவ்வு கல்வெட்டன்று, எண்ணெய்ப் படலம் போன்றது. அதில் எழுதியது ஓரிடத்தில் நில்லாது பக்கங்களிற் பரவும். அழிப்பதொன்று இல்லையெனின் சிறிது நேரத்தில் எங்கும் முக்குறியே நிறையும். எங்கும் முன் எனின், எதுவும் முன் அன்று. அன்றியும், துரத்தப்படும் பற்றீரியா திரும்பினால் பழைய குறி மறைந்து புதிய பக்கத்திற் குறி தோன்றவேண்டும். முன்பாடத்தை அழியாத கரும்பலகையில் அடுத்த பாடத்தை எழுதுவது எங்ஙனம்?

அழிக்கும் நொதியங்களுள் ஒன்று பீரென் எனப்படும். 1997இல் இதன் பரம்பரையலகு, புற்றுநோய்கள் பலவற்றில் இழக்கப்பட்டதொன்றாக முதலில் அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டு, அது முக்குறியின் மூன்றாமிடத்துப் பொசுபேற்றை நீக்கி மீண்டும் இருகுறியாக்குகின்றது என்று தெளிவாயிற்று. எழுதும் நொதியத்துக்கு நேரெதிரான தொழில். 2002இல் சளிப்பூஞ்சணத்தை ஆராய்ந்தோர், நகருங் கலத்தில் எழுதும் நொதியம் முன்னேயும் பீரென் பக்கங்களிலும் பின்னேயும் நிற்பதைக் கண்டனர். பீரென் இல்லாத கலங்களில் முக்குறி பரந்து, பக்கங்களிலெல்லாம் கால்கள் கிளைத்துப் பயணம் தடுமாறிற்று.

நடுநிலைநாடியில் இப்பணியைப் பெரிதும் ஏற்பது ஷிப்-1 என்னும் மற்றொரு நொதியம் என்று 2007இல் யப்பானிய ஆய்வாளர் காட்டினர். அது மூன்றாமிடத்தை விட்டு ஐந்தாமிடத்துக் குறியை நீக்கும். அஃதில்லாத சுண்டெலியின் நடுநிலைநாடிகள் முன்பின் என்னும் வேறுபாடு மங்கி, தட்டையாகப் பரந்து ஒட்டிக்கொண்டு மெல்லவே நகர்ந்தன. அவற்றுக்கு எழுத்துக் குறையவில்லை, மிகுந்துவிட்டது. மிகுந்தமையே குறையாயிற்று.

இத்துணையோடு எல்லாம் முடிந்ததென்று கூறுதல் நேர்மையாகாது. எழுதும் நொதியத்துக்குரிய ஐந்து பரம்பரையலகுகளையும் நீக்கிய சளிப்பூஞ்சணக் கலங்களும் ஊற்றை நோக்கிச் செல்லக்கூடும் என்று 2007இல் இங்கிலாந்தில் ஹொல்லரும் கேயும் காட்டினர். நடுநிலைநாடியிலும் இந்நொதியம் திசையைக் காட்டுவதினும் நகர்வைத் தொடக்கி வைப்பதிலேயே மிகுதியும் உதவுகின்றது என்பாரும் உளர். ஒரூருக்குப் பல வழியிருத்தல்போல, கலமும் தன் திசையறிவை ஒன்றை மட்டும் நம்பி வைக்கவில்லை. ஆயினும் முக்குறியின் அளவு கெட்டவிடத்துப் பயணமுங் கெடுகின்றது என்பதை மேலே கண்டோம்.

இரண்டு அழைப்புகள்

வெண்குழியத்துக்கு வரும் அழைப்பு ஒன்றன்று. காயம்பட்ட இடத்துக் கலங்கள் இன்ரலூக்கின்-8 போன்றவற்றால் அழைக்கின்றன. முன்சென்ற வெண்குழியங்களும் லூக்கோத்திரையீன் என்னும் பொருளை வெளியிட்டுப் பின்வருவோரை அழைக்கின்றன. இதுவும் மென்சவ்வின் இலிப்பிட்டிலிருந்து நொதியங்களாற் பிரித்தெடுத்து ஆக்கப்படுவதே. ஆக, உள்ளே எழுத்தாகும் அச்சவ்வே வெளியே குரலுக்கும் மூலமாகின்றது. இவ்வழைப்புக்கள் ஒருபுறமிருக்க, பற்றீரியாவின் சொந்த அடையாளம் மறுபுறமிருந்து வரின் எதனைக் கேட்பது?

கனடாவின் கல்கரி நகர ஆய்வாளர் இதனைச் சோதித்தனர். இருவகை ஊற்றுக்களையும் எதிரெதிரே வைத்தபோது, நடுநிலைநாடிகள் இடைவழி அழைப்பைப் புறக்கணித்துப் பற்றீரியாவின் அடையாளத்தையே நாடிச் சென்றன. பீரென் இல்லாதவையோ அங்ஙனம் தெரிந்தெடுக்க இயலாது மயங்கின. 2008இல் வெளிவந்த அம்முடிபை வாசித்தபோது யான் சற்று நேரம் நூலை மூடிவைத்துச் சிந்தித்தேன். சுற்றத்தாரின் கூக்குரலை அடக்கி, உண்மையான இலக்கில் மனத்தை நிறுத்தும் திறனை அக்கலத்துக்குத் தருவது, குறியழிக்கும் ஒரு நொதியம்.

வயது என்னுஞ் சொல்

எனக்கு இலக்கணங் கற்பித்த பெரியார் ஒருவர், எண்பதாம் வயதை எய்தியிருந்தபோது நியூமோனியாக் காய்ச்சலால் மறைந்தார். ஏறத்தாழ அதே நாட்களில் அவர் பேரனுக்கும் காய்ச்சல் கண்டு, ஒரு வாரத்தில் நீங்கிற்று. வயதாயிற்று என்றே யாவரும் கூறினோம். அச்சொல்லோடு வினாவும் முடிந்துவிட்டது. அன்று நிகழ்ந்ததற்கு யான் இப்போது காரணங் கற்பிக்க முயலவில்லை. ஆனால் வயது என்னும் அவ்வொரு சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் மறைந்து கிடக்கின்றன என்பதை இவ்வாராய்ச்சி எனக்கு உணர்த்திற்று.

2014இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகர ஆய்வாளர், உடல்நலமுள்ள முதியோரின் நடுநிலைநாடிகளையும் இளையோருடையவற்றையும் ஒப்புநோக்கினர். முதியோரின் கலங்கள் வேகத்திற் குறைந்தனவல்ல, நேர்மையிற் குறைந்தன. விரைந்து ஓடியும் இலக்கை நோக்கிச் செல்லாது அலைந்தன. அங்ஙனம் அலைவதோடு, இழையத்தைச் சிதைக்கும் நொதியத்தையும் மிகுதியாக வெளியிட்டன. அக்கலங்களில் எழுதும் நொதியத்தின் தொழில், தூண்டுதல் இன்றியே மிகுந்திருந்தது. அந்நொதியத்தைச் சற்றே அடக்கும் பொருளைக் கொடுத்தபோது, முதியோரின் கலங்களும் இளையோருடையவை போல் நேரே சென்றன. இஃது உடலுக்கு வெளியே எடுத்த கலங்களிற் கண்ட முடிபு. நாளை மருந்துக்கடையில் வாங்கக்கூடியதன்று. எனினும், தளர்ச்சி என்று நாம் கருதியது மிகையாகவும் இருக்கலாம் என்பதை அது காட்டுகின்றது.

சிறுவரிடத்தும் இம்மிகையாற் கேடு விளைகின்றது. இந்நொதியத்தின் டெல்ரா வகை பிறப்பிலேயே அடங்காது தொழிற்படும் பரம்பரை நோயொன்று 2013இல் விவரிக்கப்பட்டது. இங்கே முதன்மையாகக் கெடுவன நிணநீர்க்குழியங்கள் என்னும் வேறுவகை வெண்குழியங்கள். அந்நோயுற்ற பிள்ளைகள் இளமையிலிருந்தே மீண்டும் மீண்டும் மார்புத் தொற்றுக்களால் வருந்துவர். அவ்வகை நொதியத்தை அடக்கும் லெனியோலிசிப் என்னும் மருந்துக்கு, 12 வயதும் அதற்கு மேலுமான நோயாளருக்காக, 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது. 1953இற் கணையத் துண்டில் தொடங்கிய ஆராய்ச்சி, எழுபது ஆண்டிலே ஒரு பிள்ளையின் மூச்சுக்குத் துணையாயிற்று.

ஆசிரியரும் மாணவரும் இதனின்று கொள்ளத்தக்கது யாது? வயதாயிற்று, பலம் குன்றிற்று, விதி என்னுஞ் சொற்கள் வினாவை முடிப்பதற்கல்ல, தொடங்குவதற்கே உரியவை. பதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்துப் பொருள் காணக் கற்ற நமக்கு, உடலின் செயல்களையும் அங்ஙனம் பிரித்து நோக்குதல் அயலான முறையன்று. நமக்கு இத்துறை புதிதுமன்று. மெச்னிக்கோவ் மெசீனாவில் முள்ளைச் செருகுதற்குப் பல்லாண்டு முன்னரே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும் நூல்களாக்கியும் வைத்தார். அவர் காலத்தில் வெண்குழியம் ஏன் நகர்கின்றது என்பதே தெரியாது. இன்று எவ்வெழுத்தை எழுதி எதனை அழித்து நகர்கின்றது என்பது தெரிகின்றது. அதனைத் தமிழிற் சொல்ல நமக்குக் கலமும் நொதியமும் வாங்கியும் படித்திறனும் சொற்களாக உள. யான் ஓரளவே கூறினேன். இத்துறை வல்லார் இதனைப் பிழையறத் திருத்தியும் விரித்தும் எழுத முன்வருவாராக.